அம்மாவுக்குப் பல் விழுந்தால் மகளுக்கும் விழுமா?



சமீபத்தில் நடந்த குழுக் கூட்டம் ஒன்றில் ஈறு வீக்கம் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு அக்கா சொன்னார்: "எங்க அம்மாவுக்கு நாப்பது வயசுலயே பல்லெல்லாம் ஆடி விழுந்துடுச்சு. பெரியம்மாவுக்கும் அப்படித்தான். எங்க வம்சமே பொக்கை வாய் வம்சம். இதுல நான் வைத்தியம் பாத்து என்ன ஆகப்போகுது?" நாலைந்து பேர், "ஆமாங்க, எங்க வீட்லயும் அதே கதைதான்" என்றார்கள். உடனே இன்னொருவர், "எங்க மாமியார் பிரஷ்ஷைத் தொட்டதே இல்ல. எழுபது வயசுல கரும்பு கடிக்கிறாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். சில குடும்பங்களில் பல் சீக்கிரம் போகிறது. சிலருக்கு எதுவும் செய்யாமலே நிலைத்து நிற்கிறது. அப்படியானால் எல்லாம் தலையெழுத்துதானா? இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

பல் ஏன் ஆடுகிறது?

நம்மில் பலர் பல் போவது சொத்தையால்தான் என்று நினைக்கிறோம். சொத்தை வேறு, ஈறு நோய் வேறு. சொத்தை பல்லைத் தின்னும். ஈறு நோய் பல்லைப் பிடித்திருக்கும் ஈறையும் தாடை எலும்பையும் கரைக்கும். பல் முத்து மாதிரி முழுசாக இருக்கும், ஆனால் வேரோடு கழன்று கையில் வந்துவிடும். ஆட்டம் கண்ட பிறகு, "பல் நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறோம். ஆமாம், பல் நன்றாகத்தான் இருந்தது. அது நின்ற இடம்தான் போய்விட்டது.

சாப்பிட்ட பிறகு பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வழுவழுப்பாக ஒரு படலம் சேருகிறது. இதைத்தான் ஊத்தை என்கிறோம். அதில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. தேய்த்து எடுக்காமல் விட்டால் அது இறுகிக் கல் மாதிரி காரையாகிவிடும். கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் அது காரை.

கிருமி ஈறுக்குள் நுழையப் பார்க்கும்போது உடம்பு சும்மா இருக்காது. அந்த இடத்துக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பும். ரத்தத்தோடு வெள்ளை அணுக்கள் வந்து கிருமியோடு சண்டை போடும். கொசு கடித்த இடம் சிவந்து தடிக்கிறதே, அதே வேலைதான் ஈறிலும் நடக்கிறது. மருத்துவர்கள் இதை அழற்சி என்பார்கள். ஈறு சிவக்கும், உப்பும், தொட்டால் ரத்தம் வரும்.

இந்தச் சண்டை நமக்கு நல்லதுதான், அளவோடு இருக்கும்வரை. நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்கிவிட்டது என்று ஊரே தடியோடு ஓடினால் என்ன ஆகும்? பன்றி தின்றதைவிட ஆட்கள் மிதித்து வீணாக்கிய செடி அதிகமாக இருக்கும். ஈறு நோயிலும் அப்படித்தான். எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு கிருமியுடையது இல்லை, கிருமியை விரட்ட வந்த நம் உடம்பின் சொந்தப் படையுடையது. சிலருடைய உடம்பு நாலு பேரை அனுப்பும். சிலருடைய உடம்பு நாற்பது பேரை அனுப்பும். வம்சம் என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் நுழைகிறது.

தேயிலைத் தோட்டத்தில் கண்ட உண்மை

இது எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நம் சொந்தங்களின் கதை அது.

நூறு, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. அவர்களுடைய வாரிசுகளான தமிழ்த் தொழிலாளர்களை 1970-ம் ஆண்டில் ஹாரல்ட் லோ என்ற நார்வே நாட்டு விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். 2 தோட்டங்கள், 480 தொழிலாளர்கள், எல்லோரும் ஆண்கள். கொழுந்து பறிப்பது பெண்கள். ஆனால் பெண்களின் வாயை யாரும் திறந்து பார்க்கச் சொல்லவில்லை! அது போகட்டும்.

அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் துலக்கும் பழக்கமே கிடையாது. பல் வைத்தியம் எட்டிப் பார்த்ததும் இல்லை. எல்லோர் வாயிலும் ஊத்தை, காரை, கறை. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் உடம்பு ஆரோக்கியமாகவே இருந்தது, பல்லில் சொத்தை என்பதே இல்லை என்று சொல்லலாம். 1985 வரை பல தடவை திரும்பப் போய்ப் பார்த்து, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒரே தோட்டம், ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி அழுக்கு. அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே பல் போயிருக்க வேண்டும்? போகவில்லை. 100-க்கு 8 பேருக்கு நோய் காட்டுத்தீ மாதிரி ஓடியது. 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் முழுப் பொக்கை. 100-க்கு 81 பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. அவர்களுக்கு 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு? ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல் ஏறக்குறைய எதுவுமே போகவில்லை. கரும்பு கடிக்கும் மாமியார் இந்த 11 பேர் கட்சி.

அதே விஞ்ஞானிகள் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்துப் படித்த ஆண்களையும் பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்தே பள்ளிக்கூடத்தில் பல் வைத்தியம் கிடைத்தவர்கள் அவர்கள். தோட்டத் தொழிலாளருக்குப் பல் இடுக்கில் ஈறின் பிடிமானம் ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர் இறங்கியது. ஆஸ்லோக்காரர்களுக்கு 0.08 மில்லிமீட்டர்தான். கேட்கும்போது சின்னக் கணக்காகத் தெரியும். வட்டிக் கணக்கு போடத் தெரிந்த நமக்கு 30 வருஷத்தில் இது என்ன ஆகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

உலகமெங்கும் பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களின் வாய் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிரஷ் முதலிலேயே கிடைத்திருந்தால் பாடம் கிடைத்திருக்காது, பல் மிஞ்சியிருக்கும். நாங்கள் இதை எழுதும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்தது.

இரட்டைப் பிள்ளைகள் சொன்ன சாட்சி

தோட்டத்து ஆய்வில் யாருடைய மரபணுவையும் பார்க்கவில்லை. "ஒருத்தர் புகையிலை போட்டிருப்பார், ஒருத்தர் வாயில் வேறு கிருமி இருந்திருக்கும், அதனாலகூட வித்தியாசம் வரலாமே?" என்று நீங்கள் கேட்டால் அது சரியான கேள்விதான். அதற்கு இரட்டைப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.

இரட்டையில் இரண்டு வகை. அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பவர்களுக்கு மரபணு முழுவதும் ஒன்றே. வேறு வேறு முகமாகப் பிறக்கும் இரட்டையருக்குச் சாதாரண அக்கா தங்கை போல ஏறக்குறைய பாதிதான் பொது. அமெரிக்காவில் வயது வந்த 117 ஜோடி இரட்டையர்களைப் பரிசோதித்து 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி இரட்டையரின் ஈறு நோய் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்துப்போனது. ஈறின் பிடிமானம் குறைவதில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் சுமார் பாதி, மரபணுவால் வருவது என்று கணக்கிட்டார்கள்.

இதில் இன்னொரு விஷயத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஈறு வீக்கத்துக்கும் ரத்தக் கசிவுக்கும் பரம்பரை காரணமாகத் தெரியவில்லை. அது அவரவர் வாய்ச் சுத்தத்தையும் பழக்கத்தையும் பொறுத்தே இருந்தது. அதாவது ஈறில் நெருப்பு பிடிப்பது பழக்கத்தால். பிடித்த நெருப்பு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதில்தான் பரம்பரைக்குப் பங்கு. நெருப்பே பிடிக்காத வீட்டில் கூரை ஓலையாக இருந்தால் என்ன, ஓடாக இருந்தால் என்ன?

மரபணு என்றால் என்ன?

மரபணு என்பது உடம்பு எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த சமையல் குறிப்பு மாதிரி. மனுஷ உடம்பின் குறிப்புப் புத்தகத்தில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் இருக்கின்றன. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. உங்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் ஆயிரம் எழுத்துக்கு ஒரு எழுத்து என்ற அளவில்தான் வித்தியாசம். பெரும்பாலான வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது. சில இடங்களில் மட்டும், "ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்" என்பது "ஒரு கைப்பிடி" என்று மாறிவிடும். குழம்பு குழம்புதான், காரம்தான் வேறு.

ஈறில் கிருமி வந்ததும் வெள்ளை அணுக்கள், "எல்லாரும் ஓடி வாங்க" என்று கூவ ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதன் பெயர் இன்டர்லூக்கின்-1. இது அதிகமானால் எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும். இதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் ஒருவகை எழுத்து மாற்றம் உள்ளவர்களுக்கு, அதே அளவு கிருமிக்கு இந்தக் கூச்சல் அதிகமாகிறது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், புகைபிடிக்காதவர்களில் இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் அதிகம் இருப்பது தெரிந்தது. புகைபிடிப்பவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஏனென்றால் புகையிலை ஒன்றே போதும், ஈறைக் கெடுக்க அதற்கு மரபணுவின் துணை தேவையில்லை!

அந்த ஆய்வுக்குப் பின்னால் அமெரிக்காவில் இதற்கு ஒரு மரபணுப் பரிசோதனையே விற்பனைக்கு வந்தது. பிறகு வேறு வேறு மக்களிடம் பார்த்தபோது முடிவுகள் ஒன்றுபோல வரவில்லை. சீன மக்களிடம் அந்த மாற்றமே அபூர்வமாக இருந்தது, ஆனால் ஈறு நோய் அவர்களுக்கும் வருகிறது. ஒரு மரபணு மட்டும் இதை முடிவு செய்வதில்லை, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வகிக்கின்றன. ஆகவே யாராவது, "எச்சிலை எடுத்துக் கொடுங்க, பல் எப்போ விழும்னு சொல்றோம்" என்று வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சோதனை எதைச் சொன்னாலும் செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்றுதான். அம்மாவுக்கு எத்தனை வயதில் பல் ஆடியது என்று கேளுங்கள். செலவில்லாத சோதனை அது.

ஒரு அபூர்வ நோயும் சொந்தத்தில் கல்யாணமும்

ஒரே ஒரு மரபணு கெட்டாலே பல்லெல்லாம் போய்விடும் நோய் ஒன்றும் உண்டு. 1924-ல் பாப்பியோன், லெஃபேவ்ர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். கெட்ட மரபணு எது என்பது 1999-ல் தெரிந்தது. குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். முளைத்த பால்பற்கள் நாலைந்து வயதுக்குள் ஆடி விழும். பிறகு முளைக்கும் பல்லும் இளம் வயதிலேயே போய்விடும்.

10 லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கே வரும் நோய் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் அம்மா, அப்பா இருவரிடமும் அந்தக் கெட்ட மரபணு ஒவ்வொன்று மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே மரபணுவை வாங்கியிருக்க வாய்ப்பு கூடுகிறது. இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் மருமகளைக் குறை சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இரண்டு பேரும் கொடுத்தால்தான் வரும் என்பதைக் குழுவில் உரக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் வெடிப்பும் பல் ஆட்டமும் சேர்ந்து ஒரு குழந்தைக்கு இருந்தால் நாட்டு மருந்து தடவிக்கொண்டு காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

நம் கையில் என்ன இருக்கிறது?

மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் அது வேலை காட்டக் கிருமி வேண்டும், அந்தக் கிருமியை மட்டுப்படுத்தலாம். வம்சத்தில் பல் ஆட்டம் உள்ளவர்கள்தான், "என்ன செஞ்சாலும் ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மற்றவர்களைவிட அவர்கள்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டும், அதனால் அதிக லாபமும் அவர்களுக்கே.

மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் ஈறு ஓரத்தில் 2 நிமிஷம் தேய்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம். வேப்பங்குச்சிதான் பழக்கம் என்றால் நுனியை நன்றாக மென்று மெத்தென்று ஆக்கிக்கொள்ளுங்கள். செங்கல் தூள், சாம்பல், கரி, நறநறக்கும் சிவப்புப் பல்பொடி எல்லாம் பல்லைத் தேய்த்துவிடும். பல்பொடியில் புகையிலை கலப்பது இந்தியாவில் 1992-லேயே தடை செய்யப்பட்டது. அப்படி எதையாவது யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்புறம், தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கை எடுத்துப் பல் இடுக்கில் குத்தும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள், ஈறு கிழிந்துவிடும்.

ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஊத்தை கூடும், ரத்தமும் கூடும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் பல் ஆடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காரை ஏறிவிட்டால் பிரஷ்ஷால் போகாது. பல் மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். "கிளீன் பண்ணினா பல் ஆடிடும், சந்து விழும்" என்று ஊரில் சொல்கிறார்கள். சந்து ஏற்கெனவே இருந்ததுதான். காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் சில நாள் பல் கூசும், பிறகு சரியாகும். எலும்பு நிறையக் கரைந்திருந்தால் காரை எடுத்ததும் பல் கொஞ்சம் ஆடுவது தெரியலாம். ஆனால் எடுக்காமல் விட்டால் ஆட்டம் நிற்காது. மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலும், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. போனவுடன், "எங்க அம்மாவுக்கு இத்தனை வயசுலயே பல் போயிடுச்சு" என்று சொல்லிவிடுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது என்று முடிவு செய்ய டாக்டருக்கு அது உதவும்.

சர்க்கரை நோய் கட்டுக்கு வராமல் இருப்பவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்குகிறது. ஆகவே ஈறில் சீழ் வருகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் அக்காமார்களுக்கு நாங்கள் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஈறு மட்டுமில்லை, வாயே புண்ணாகிப் புற்றில் முடியலாம். பீடி பிடிக்கும் வீட்டு ஆண்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாக வரும். அது நல்ல அறிகுறி இல்லை, புகை நோயை மூடி மறைக்கிறது.

கர்ப்பக் காலத்தில் ஈறு அதிகமாக வீங்கும், ரத்தம் வரும். உடம்பில் சுரக்கும் மாற்றங்களால் அழற்சி கூடுவதே காரணம். "பிள்ளைத்தாச்சி பல் டாக்டர்கிட்ட போகக் கூடாது" என்பது தப்பு. மாதத்தைச் சொல்லிவிட்டுத் தாராளமாகப் போகலாம். பிரசவமான வீட்டில் பச்சை உடம்பென்று பல் தேய்க்க விடாமல் வைக்கும் மாமியார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் முன்

அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், அம்மாச்சி, அப்பத்தா எல்லோரையும் கேட்டு, யாருக்கு எந்த வயதில் பல் ஆடத் தொடங்கியது, சொத்தையால் போனதா, முழுப் பல்லாகக் கழன்றதா, புகையிலை போட்டார்களா, சர்க்கரை இருந்ததா என்று தெரிந்து வாருங்கள். முழுப் பல்லாக, 40 வயதுக்குள் கழன்றது என்றால் உங்கள் பிள்ளைகளையும் சேர்த்து ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 15, 20 வயதுப் பிள்ளைக்கு முன்பல்லோ முதல் கடைவாய்ப் பல்லோ ஆடினால் அவனுடைய அண்ணன் தங்கையையும் கையோடு கூட்டிப்போங்கள். இந்த வகை ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வருவது வழக்கம்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் போனால் பேச்சுத்துணையும் ஆச்சு, வேலை கெடுவதும் ஒரு நாளோடு போகும். பஸ் செலவுக்குக் கையில் இல்லாத உறுப்பினருக்கு உள்கடன் தரலாமா என்று குழுவில் பேசி முடிவு செய்யுங்கள். எல்லாப் பல்லும் போன பிறகு பல் செட்டுக்காக வாங்கும் கடனைவிட இது சின்னக் கடன். யார் வீட்டில் யாருக்குப் பல் ஆடுகிறது என்பதை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகள், குழுவுக்குள் பேசியது குழுவுக்குள்ளேயே இருக்கட்டும்.